ஏழாம் நிரைப் புற்று

சூசையம்மாளுக்குக் கோபம் வந்தால் பாலோ ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமே வாயை மூடிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷமாக முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடிக்கிறாள். அவள் போன வழியில் புல் கருகிக் கிடக்கும். "என் கை பட்டு ஒண்ணும் முளைச்சதில்ல" என்று எரிச்சலோடு அவளே சொல்வாள்.

ஏழாம் நிரையில் இருந்த கரையான் புற்றை மட்டும் அவள் தொட்டதே இல்லை. வெயில் காலத்து நடுவில் ஒரு பெருமழை பெய்தால் போதும், மறுநாள் விடியலில் புற்றைச் சுற்றிக் காளான் வெள்ளை வெளேரென்று நிற்கும். அதைப் பார்க்கும்போதுதான் இந்த மண்ணுக்குத் தானும் வேண்டியவள் என்று அவளுக்குத் தோன்றும். மிளகு போட்டுப் பிரட்டி அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கனகராஜும் வருஷம் தவறாமல் வாங்கித் தின்றவன்தான்.

இந்த ஜூலையில் மூன்று வாரம் ஒரு சொட்டு இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் வானம் கறுத்தது.

"அக்கா, அந்தப் புத்தச் சுத்தியும் அடிச்சிருங்க. நாளைக்கு மானேஜர் பார்க்க வராரு" என்றான் கனகராஜ்.

"மழ வருதுலா தம்பி, கண்ணு தெரியல? அடிச்சதெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிரும். காளான் வர்ற எடம்னு ஒனக்குத் தெரியாதா?"

"காளானப் பார்த்தா வேல நடக்குமா?"

"அப்ப நீயே அடி!"

பம்பை அவன் காலடியில் இறக்கிவிட்டு நடந்தாள். ஆத்திரத்தில் சொன்னதுதான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். பாவி, புற்றைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது.

விடிந்ததும் போனாள். எந்த வருஷமும் இல்லாத அளவுக்குக் காளான். அதற்குள் கனகராஜ் பிளாஸ்டிக் பையோடு குனிந்திருந்தான்.

"மழதான் கழுவிருச்சேக்கா. நீங்கதான சொன்னீங்க?" என்று இளித்தான்.

"கழுவிக்கிட்டு எங்கடா போவும்? இந்த மண்ணுக்குள்ளதான போவும்! கீழ போடு!"

பையைப் பிடுங்கிக் கொட்டினாள். பிறகு பூட்ஸ் காலால் ஒவ்வொரு காளானாக மிதித்தாள். ஒன்று மிச்சமிருந்தாலும் ஏதாவது வீட்டில் குழந்தை தின்றுவிடும். பொறுக்க முடியாமல் அழுதாள். மழை ஒரு குறையும் வைக்காமல் தன் வேலையைச் செய்திருந்தது. அவன் மேல் பாதிக் கோபம் என்றால், மீதி முழுக்க 'நீயே அடி' என்று சொன்ன தன் வாய் மேல்.