முள்ளம்பன்றி திரும்பி வந்த படம்

எந்தக் கதைப் புத்தகம் கையில் கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுவேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால்தான் நெஞ்சு அடங்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்தப் பயம் மட்டும் என்னை விடவில்லை.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த காலம். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் இருந்தோம். மாதா கோயில் நூலகத்தில் ஒரு முள்ளம்பன்றிக் கதை இருந்தது. எங்கள் வகுப்பில் அதை வாசிக்காத பிள்ளை கிடையாது. அட்டை கிழிந்து, துணி வைத்து ஒட்டியிருந்தார்கள். அப்பா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதனால் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்து முகம் கழுவியதும், "எங்க விட்டோம்?" என்று உட்கார்ந்துவிடுவார். நான் வாசிப்பேன்.

கதையில் தாய் முள்ளம்பன்றி வறட்சியில் கிழங்கு தேடி ஆற்றைக் கடந்து போகிறது. குட்டி வளையில் காத்திருக்கிறது. அந்த இடம் வந்தபோது அப்பா பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "வருமா?"

வராது. எனக்குத்தான் தெரியுமே. ஆனாலும், "பொறுங்கப்பா, இன்னும் இருக்கு" என்றேன்.

அம்மாவின் ஒப்பந்தம் முடிந்தும் ஆள் வரவில்லை. போன் கோலும் நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம், "ஒங்கம்மா கோல் எடுத்தாளா?" என்பார். இல்லை என்றால் 'ச்சு' கொட்டுவார். அந்த 'ச்சு'வுக்குப் பயந்தே, அவர் வாளியோடு போவதைப் பார்த்தால் நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

அப்போதுதான் அந்தக் கதை கார்ட்டூன் படமாக வந்திருப்பதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் கோயில் மண்டபத்தில் போட்டார். அப்பாவும் வந்து, பிள்ளைகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

வளையின் இருட்டைச் சரியாகக் காட்டினார்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு சத்தமே இல்லை, குட்டியின் மூச்சு மட்டும். வாசித்தபோது வந்த அதே பயம். மற்றதெல்லாம் பிழை. தேயிலைக்குள் நாங்கள் பொறுக்கும் முள்ளம்பன்றி முள் கறுப்பும் வெள்ளையும். படத்தில் அது நீலம். ஆறு வெறும் சாக்கடைக் கான் அளவுக்கு ஓடியது. முள்ளம்பன்றிகள் பாட்டு வேறு பாடின. அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் தாய் நனைந்தபடி திரும்பி வந்து குட்டியை முகர்ந்தது. மண்டபமே கைதட்டியது. அப்பா மட்டும் தட்டவில்லை. துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன்.

"மாத்தி எடுத்துட்டாங்கப்பா. புத்தகத்துல அம்மா வராது."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"கடைசிப் பக்கத்தப் பாத்துட்டேன்."

அப்பா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாம இன்னும் அங்க போகலியே புள்ள" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாசிக்கச் சொல்லவே இல்லை. நான் புத்தகத்தை எடுத்தால், "நாளைக்கிப் பாப்போம்" என்பார். சிஸ்டர் திருப்பிக் கேட்டபோது அவரே கோயிலுக்குப் போய்த் தவணை வாங்கி வந்தார். படத்தைப் பார்த்ததில் கதை அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். நல்ல புத்தகத்தை ஒரு பிழையான படம் கெடுத்துவிட்டதே என்று அழுகையாக வந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மா வந்தார். மெலிந்து, கறுத்து, ஒரே ஒரு பையோடு. வேலை செய்த வீட்டில் போனைப் பறித்து வைத்திருந்தார்களாம். லயமே எங்கள் வாசலில் கூடியது. சித்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். எல்லோரும் போன பிறகு அம்மா சுவரில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா அலுமாரி மேலிருந்து புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இப்ப வாசி."

"வேணாம்பா, சோகமா இருக்கும். அம்மா இப்பதான் வந்திருக்காங்க."

"பரவாயில்ல, வாசி புள்ள."

வாசித்தேன். தாய் வரவில்லை. குட்டி வளர்ந்து, தனியாக ஆற்றைக் கடந்தது. புத்தகத்தை மூடினேன். அம்மா தூங்கிப்போயிருந்தார். கோப்பை கவிழ்ந்துவிடாமல் அப்பா அதை மெல்ல அவர் கையிலிருந்து எடுத்து வைத்தார்.

"பாவம் அந்தக் குட்டி" என்றார். பிறகு ஒரு பீடியை எடுத்து, உருட்டாமல், உடனே பற்றவைத்தார்.

இவ்வளவு சோகமான கதையைக் கேட்ட பிறகும் ஒரு மனிதரால் எப்படி இத்தனை நிம்மதியாகப் புகைவிட முடிகிறது என்று அன்று எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.