போர்டு மாட்டச் சொன்ன வாத்தியார்

அந்த ஐ.டி.ஐ. வாத்தியாரைப் பற்றி உனக்கு எதற்கடி? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து என் வாயைக் கிளறுகிறாய். சரி, கேட்டுத் தொலை.

ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. மற்ற வாத்தியார்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் டெஸ்டர் வைத்திருப்பார். பேசும்போது அதை எடுத்து, நமக்குள் கரண்டு ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல முகத்துக்கு நேரே ஆட்டுவார்.

"அடுத்தவன் போர்டுக்குக் கீழ நிக்காதீகடா. ஒங்க பேருல போர்டு மாட்டுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அதை நம்பித்தான் அவரிடம் படித்த என் பேரன் கோயம்புத்தூர் கம்பெனி வேலையை வேண்டாமென்று சொல்லி, சின்னமனூரில் மோட்டார் வைண்டிங் கடை போட்டான். ரிப்பன் வெட்டியவரும் அவர்தான். திராட்சைத் தோட்டத்து மோட்டாரெல்லாம் இப்போது அவனிடம்தான் வருகிறது.

வாத்தியார் மகளைத்தான் கட்டுவேன் என்று பேரன் ஒற்றைக் காலில் நின்றான். பெண் கேட்டுப் போனேன்.

"தங்கமான பயதான் ஆத்தா. ஆனா மாசச் சம்பளம் இல்லையே."

"கடை போடச் சொன்னதே நீங்கதான வாத்தியாரய்யா?"

"அது கிளாஸ்ல சொல்றது ஆத்தா. இது எம் மக வாழ்க்கை."

வீட்டில் வந்து சொன்னேன். பேரன், "எங்க சாரா அப்பிடிச் சொன்னாக?" என்று இரண்டு முறை கேட்டான். பெண் கிடைக்காததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருவில் கேட்டவர்களிடம் பொருத்தம் சரியில்லை என்றேன்.

"எந்தப் பொருத்தம் ஆத்தா இல்லையாம்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வாத்தியாரு வாய்க்கும் மனசுக்கும் உள்ள பொருத்தம்டி" என்றேன்.