வாந்தி வராதவளுக்கு ஜன்னல் எதற்கு

திண்டிவனத்தில் வேனை நிறுத்தி டீ குடிக்கிறோம். டில்லியில் வேலைக்குச் சேரும் என்னை விமானம் ஏற்றிவிட விழுப்புரத்திலிருந்து வேன் நிறைய உறவினர்கள் வருகிறார்கள். பறக்கப்போவது நான் மட்டும். முதல் பயணம் என்பதால் முறையாக ஆராய்ந்திருக்கிறேன்: மதிய வெயில் இடப்பக்கம், கடற்கரை வலப்பக்கம், இறக்கை மறைக்காதது ஐந்தாம் வரிசை. ஆகவே அங்கே வலது ஜன்னலைப் பதிவு செய்தாயிற்று.

டிக்கெட் போட்டுக் கொடுத்த மாமா, வடையைப் பிட்டபடி சொல்கிறார்: "டிராவல்ஸ்ல சொல்லி நடு சீட்டா மாத்திட்டேம்மா. ஜன்னலாண்ட காத்து அடிக்கும்."

"பிளேன்ல ஜன்னல் திறக்காது மாமா."

"வாந்தி எடுக்கறவங்கதான் ஜன்னலாண்ட குந்திக்கினு வருவாங்க," என்கிறார் அத்தை. "உனக்குத்தான் வராதே, உனக்கு எதுக்கு?"

எங்கள் குடும்பத்தில் இதுதான் சட்டம். இந்த வேனின் ஜன்னல்களும் அந்தத் தகுதியின்படியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

"மேல போனா எனக்கும் வரும்போல இருக்கு அத்தை," என்கிறேன்.

மாமா உடனே போனை எடுக்கிறார். திறக்காத ஜன்னல் வழியே எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் வரிசை ஜன்னல் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அத்தை என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்துவிட்டு, என் தட்டிலிருக்கும் வடைகளை எடுத்துக்கொள்கிறார்.