நாலு பேருக்குக் கஞ்சி

கள்ளக்குறிச்சிக்கு என்னை அனுப்பிய ஆணையில் 'மறு உத்தரவு வரும்வரை தற்காலிகமாக' என்றிருந்தது. அரசாங்கத்தின் தற்காலிகம் எவ்வளவு நீளும் என்று அலுவலகத்தில் பிறருக்கு விளக்கிச் சொல்பவன் நான்தான். என் விஷயத்தில் மட்டும் அந்தச் சொல்லை அப்படியே நம்பினேன். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கும்பகோணத்திலேயே விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கினேன். மசூதித் தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவரின் வீட்டு மாடியில் அறை கிடைத்தது.

கல்வராயன் மலையிலுள்ள பள்ளிக்கூடங்களில் பெஞ்சும் நாற்காலியும் பதிவேட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது என் வேலை. பெரும்பாலும் பதிவேடு இருக்கும். கச்சிராயபாளையம் வழியாக மாலை பஸ்ஸில் இறங்கி வந்தால், ஓட்டலில் சாப்பாடு, பிறகு அறை. சர்வரிடம் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசாமல் போன நாட்கள் உண்டு.

அப்போது நோன்பு மாதம் வந்தது. தினமும் மாலையில் பள்ளிவாசல் வாசலில் பெரிய அண்டாக்களில் கஞ்சி இறங்கும். கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், மூட்டை தூக்குகிறவர்கள், கூலி வேலையிலிருந்து திரும்பும் பெண்கள் என்று எல்லா மதத்துக்காரர்களும் தூக்கோடு நிற்பார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். நெய்யும் பட்டையும் கலந்த வாசனை மேலே வரும். எனக்கு அந்தக் கஞ்சி வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒருவர் கீழேயிருந்து "வாங்க சார்" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அழைப்பில்லாமல் போவது முறையில்லை என்று காத்திருந்தேன். பாதி மாதம் போய்விட்டது. இந்த ஊர் என்னைச் சேர்த்துக்கொள்ளாது என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் படியில் பாய் எதிர்ப்பட்டார்.

"இன்னா சார், ஒருநாளும் கஞ்சிக்கு வரவே மாட்டேன்றீங்க?"

"யாரும் கூப்பிடலையே" என்றேன். குரலில் குறை தெரிந்திருக்க வேண்டும்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கஞ்சிக்கு யாரு சார் பத்திரிகை வெச்சிக் கூப்புடறாங்க? ஏனம் எடுத்துக்கினு போறதுதான். கறி போடறோமே, நீங்க சைவமோ இன்னாவோன்னு நானும் வாயத் தொறக்கல."

மறுநாள் வரிசை நீளுமுன் போய்விட, அலுவலகத்தில் ஒரு மணி நேர அனுமதி கேட்டு எழுதினேன். காரணம், சொந்த வேலை. அறையில் பாத்திரம் என்று எதுவும் இல்லை. ரயிலில் தண்ணீருக்காகக் கொண்டுவந்த பித்தளைக் கூஜாவை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

"சார் ஊருக்குக் கெளம்பிட்டாரு, வழி வுடுங்கடி" என்றாள் ஒருத்தி. வரிசை சிரித்தது.

கரண்டி பிடித்தவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "வூட்ல எத்தினி பேருங்க?"

"நாலு" என்றேன். ரேஷன் கார்டு முதல் மக்கள்தொகைக் கணக்கு வரை, அந்தக் கேள்விக்கு எழுதிப் பழகிய விடை. நாலு கரண்டி விழுந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. பின்னால் வரிசை நெருக்கியது. திருத்தம் சொல்ல நேரமில்லை.

நாலு பேர் கஞ்சியையும் முன்னால் வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. என் பங்கு சீக்கிரமே முடிந்தது. மற்ற மூன்று பங்கும் ஆறி, இறுகி, ஆடை கட்டியது. கொட்ட மனம் வரவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கவும் அந்த ஊரில் எனக்கு ஒரு வாசல் தெரியவில்லை. தற்காலிகம்தானே என்று நான் யாரையும் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கிறேன் என்பது, அந்தக் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது.

அடுத்த நாள் கரண்டிக்காரர் கேட்காமலே ஊற்றத் தொடங்கினார். "ஒண்ணு போதுங்க. நான் ஒருத்தன்தான்" என்றேன்.

"நேத்து நாலுன்னீங்களே?"

"மத்தவங்க கும்பகோணத்துல இருக்காங்க."

முந்தின நாள் என் கூஜாவைக் கிண்டல் செய்தவள் பின்னாலிருந்து சொன்னாள்: "அதான பாத்தேன். வந்ததுலேர்ந்து மாடில ஒரு பொடவ காயல. சட்டையும் வேட்டியுமாவே காயுது."

"உனக்கு ஏன்டி சார் வூட்டுக் கொடிமேல கண்ணு?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாரும் கவனிப்பதில்லை என்று நான் வருந்திக்கொண்டிருந்த நாளெல்லாம், என் துணி காய்வது வரை தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தனிமை அதனால் குறைந்துவிடவில்லை. அது தெருவுக்கும் தெரிந்த விஷயமாயிற்று, அவ்வளவுதான். அதற்கு மறுநாள், கூஜாவைக் கிண்டல் செய்த அந்தப் பெண் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். கஞ்சியை வாங்கி முந்தானையால் தூக்கைப் பிடித்தபடி திரும்பினாள்.

"ஊர்ல புள்ளைங்கள்லாம் நல்லாக்கீதுங்களா சார்?"

கும்பகோணத்து வீட்டில் போன் கிடையாது. கடிதம் வந்தும் நாளாகிவிட்டது. நான் விடுப்பில் போய்ப் பார்த்து வந்தும் ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.