கொடிப்பெட்டியில் பதித்த பெயர்

கொடியேற்றத்தன்று என் நாட்குறிப்பில் எழுதியது: ‘தர்காக் கொடியைச் சுமக்கும் பெட்டிக்குப் புதுப் பித்தளைத் தகடு. அதில் அரபெழுத்தில் எங்கள் பாராளுமன்ற எம்பியின் பெயர்.’

இடைக்கால ஐரோப்பாவில் புனிதரின் எலும்பு வைத்த பேழைகள் சிலவற்றில் அரசர்கள் தங்கள் உருவத்தையும் செதுக்குவித்தார்கள். எலும்புக்குக் குனிந்தவன் அரசனுக்கும் சேர்த்தே குனிந்தான். எங்கள் மார்க்கத்தில் உருவம் ஆகாது; அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். என்ன பேணுதல்!

என் ராத்தா தகட்டை முத்தமிட்டு, மகளின் சுகத்துக்கு நேர்ச்சை வைத்தார்.

“இது குர்ஆன்ல எந்த ஆயத்து தம்பி?”

“ஆயத்தில்ல ராத்தா, எம்பிட பேரு.”

அவர் முக்காட்டால் வாயைத் துடைத்தார். “அப்ப என்ட நேர்ச்ச அவருக்கா போயிரிக்கும்? ஒரு ரோட்டே போட்டுத் தராத மனிசன்!”

மறுபடியும் வரிசையில் நின்று, இம்முறை பெட்டியின் மரத்தை முத்தமிட்டார்.

தகட்டை எம்பி கேட்டாரா, தர்கா நிர்வாகிகளே அவரைக் குளிர்விக்கப் பதித்தார்களா என்பது எனக்கு இன்னும் உறுதிப்படவில்லை.