வாசனை ஆகாத மூன்று நாள்

காய்ந்த வைக்கோலில் பன்றி மயிர் பொசுங்கும் நாற்றத்தை ஒருமுறை மூக்கில் வாங்கியவர்களுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து முனையில் காட்டுப்பன்றி வந்து இறங்கும் நாட்களில், குழாயடியிலிருந்து குடத்தோடு வரும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே தங்கள் வீட்டுக்கு எந்தப் பங்கு வரும் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாற்றம் பிடிக்காது, கறி மட்டும் பிடிக்கும். அந்தப் பன்றிகளைத் தேடிப் பிடித்துத் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறவர் என் அப்பா. வெள்ளைக்காரப் பட்டாளம் கன்டோன்மென்டில் இருந்த காலம் அது. வார நாட்களில் ஒரு துரையின் லாயத்தில் குதிரை பார்ப்பார். துரைக்கு வேட்டை ஆசை வந்துவிட்டால் அப்பாதான் மிருகத்தைத் தேடிக் காட்டும் "ஷிகாரி".

காட்டுப்பன்றிக்குக் கண் மந்தம், காது பரவாயில்லை, மூக்குதான் எல்லாம். "பன்னி மாட்டு வாசனைக்குப் பயப்படாது, குதிரை வாசனைக்குப் பயப்படாது. மனுஷன் வாசனைதான் அதுக்கு எமன்" என்பார் அப்பா. அதனால் வேட்டைக்கு முந்தைய மூன்று நாளும் எங்கள் வீட்டில் எதுவும் மணக்கக் கூடாது. அப்பா பீடியைத் தொடமாட்டார், வெற்றிலை போடமாட்டார், சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் குளிப்பார், பக்கத்துப் பால்காரர் கொட்டகையில் மாடுகளுக்கு நடுவே படுத்துக்கொள்வார். வேட்டைக்குப் போட்டுக்கொள்ளும் காக்கிச் சட்டையை அல்சூர் ஏரித் தண்ணீரில் அலசி, அதே கொட்டகையில் ராகி வைக்கோலுக்குள் செருகி வைத்திருப்பார். அம்மாவுக்கும் அந்த மூன்று நாள் தண்டனைதான். கடுகு தாளிக்கக் கூடாது, பூண்டு உரிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, மல்லிகைப் பூ கிடையாது. உப்பு மட்டும் போட்ட கீரையும் களியுமாகத் தின்றுகொண்டு, ஊருக்கெல்லாம் வருஷத்தில் ஈஸ்டருக்கு முன்னால் ஒரு தபசுக்காலம் என்றால் நமக்கு மட்டும் ஆறு என்று அம்மா சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பாள், அதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம், வர்த்தூர் ஏரிக்கு அப்பால் முள்ளுக்காட்டில் ஒரு "ஒண்டிப்பன்னி" இருந்தது. கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் கிழட்டு ஆண் பன்றி. ராகிக் கொல்லைகளை அது பாழாக்கிக்கொண்டிருந்தது, துரையின் மூன்று வேட்டைகளிலும் தப்பிப் போயிருந்தது. மூன்றாவது தடவை, மற்றத் துரைமார்கள் கேலி செய்ததில் அவருக்கு முகம் சிவந்துவிட்டதாம். அப்பா எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார்: "இந்தத் தரம் அதைத் தொரைக்கு முப்பது அடியில கொண்டாந்து நிறுத்தலன்னா, இனிமே என்னை ஷிகாரின்னு கூப்பிட வேணாம்." அப்பாவிடம் வேறு சொத்து இல்லை; அந்தப் பெயர்தான் இருந்தது.

எனக்கோ ஒரே பயம். அதற்கு முந்தைய மாதம்தான் பன்றியை விரட்டப் போன ஒரு ஆளை அது கிழித்துப்போட, அவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாதா கோயிலில் பீடத்துத் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் வேலை அம்மாவுக்கு. சாமியார் மந்திரித்த சாம்பிராணி கொஞ்சம் அவள் தகரப் பெட்டியில் எப்போதும் இருக்கும். வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் அதில் ஒரு சிட்டிகை எடுத்து, துணியில் பொட்டலம் கட்டி, கொட்டகைக்குள் நுழைந்து, காக்கிச் சட்டையின் உள்பையில் வைத்துவிட்டு வந்தேன். வாசனை ஆகாது என்று எனக்குத் தெரியும். மந்திரித்தது வேறு, வாசனை வேறு என்று நினைத்துக்கொண்டேன். கடவுளுடைய சாமானை ஒரு பன்றி மோந்து பார்க்குமா என்று ஒன்பது வயதுப் புத்தி கேட்டது.

மறுநாள் விடிந்ததும் நடந்ததை ஊரே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆட்கள் தப்பட்டை அடித்து முள்ளுக்காட்டை ஒரு பக்கத்திலிருந்து விரட்டிக்கொண்டு வந்தார்கள். மறுபக்கம் ஓடை வாயில், காற்று தங்கள் வாசனையைப் பன்றியிடம் கொண்டுபோகாத இடத்தில், துரையும் அப்பாவும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். ஒண்டிப்பன்னி வந்தது. அப்பா சொன்ன இடத்துக்கே, சொன்ன தூரத்துக்கே வந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று கொஞ்சம் திரும்பியது. பன்றி நின்று, மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. துரை அவசரத்தில் சுட்டார். குண்டு அதன் பின்னங்காலை உரசிக்கொண்டு போனதில் அது வெறி பிடித்து நேரே வந்து, குறுக்கே எழுந்த அப்பாவின் தொடையை முழங்கால்வரை கிழித்துவிட்டு ஓடிப்போனது.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோது பொட்டலம் கீழே விழுந்தது. துரை அதை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "ஷிகாரி பன்றிக்குப் பூசை வைக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். அன்று பொழுது சாய்வதற்குள் லாயம், மெஸ், மார்க்கெட் எல்லா இடத்திலும் அந்தச் சிரிப்பு பரவிவிட்டது. அப்பாவின் கால் மடங்காமல் போனது, லாயத்து வேலை போனது. ஷிகாரி என்ற பெயரும் போய், அதன் இடத்தில் "சாம்பிராணி" வந்து ஒட்டிக்கொண்டது. குழாயடியில் பிள்ளைகள் என்னையும் "சாம்பிராணி மவ" என்றுதான் கூப்பிட்டார்கள்.

கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு வெச்சது?"

நான் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"நான்தான். உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வெச்சேன்."

நான் வாய் திறக்கவில்லை. பயம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். மறுநாள் பயம் கொஞ்சம் தணிந்தபோதும், மறுவாரமும், மறுவருஷமும்கூட நான் வாய் திறக்கவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கோழைத்தனம் என்று சொன்னால் கொஞ்சம் சலுகை கொடுத்ததுபோல இருக்கிறது.

அன்றிலிருந்து அப்பா அம்மாவிடம் பேசவில்லை. பதினோரு வருஷம். அடிக்கவில்லை, திட்டவில்லை, வீட்டை விட்டும் போகவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். அம்மா எதிரிலேயே நின்றுகொண்டிருப்பாள், அப்பா என்னைப் பார்த்து, "உங்கம்மாகிட்ட தண்ணி கேளு" என்பார். நான் இரண்டடி நடந்துபோய், அவள் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டதையே திரும்பச் சொல்வேன். அம்மா செம்பை என் கையில் கொடுப்பாள். குற்றம் செய்தவளே இருவருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்தேன். அம்மா அதன்பிறகு தாளிக்கவே இல்லை, தலையில் பூவும் வைக்கவில்லை. மூன்று நாள் தபசு அவளுக்குப் பதினோரு வருஷமாக நீண்டது.

அப்பா இறந்தபோது, அவரோடு வேட்டைக்குப் போய்வந்த முனியப்பா ஹொஸ்கோட்டையிலிருந்து வந்திருந்தார். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் என்னைத் தனியே நிறுத்தினார்.

"தாயி, அன்னிக்கு நான் பாறை மேல காவலுக்கு நின்னுக்கினு இருந்தேன். ஹந்தி, அந்த ஒண்டிப்பன்னி, வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி தொரை சுருட்டு பத்த வெச்சாரு. பொகை ஓடைக்கு மேல அப்டியே போச்சு. அந்தப் பொகைக்கு முன்னால உங்க சாம்பிராணி எந்த மூலைக்கு? தொரைய யாரு கேக்கறது, சொல்லு."

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவின் கட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வைத்ததையும் சேர்த்துச் சொன்னேன், பதினோரு வருஷம் கழித்து. "அப்பாவுக்கு இது தெரியாமலே போயிடுச்சேம்மா" என்று அழுதேன்.

அம்மா கை நிறுத்தாமல் சொன்னாள்: "தோளோட தோள் குந்திக்கினு இருந்த மனுஷனுக்குச் சுருட்டு தெரியாமலாடி? தொரை மேல கோவப்பட முடியுமா? வூட்ல என் மேலதான் கோவப்பட முடியும்."

இப்போது வர்த்தூருக்கு அப்பால் முள்ளுக்காடும் இல்லை, ராகிக் கொல்லையும் இல்லை. ஓடை வாயை மூடி வீடு கட்டிவிட்டார்கள். பால்காரர் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. பட்டாளத்துத் துரைமார்கள் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகிறது. ஊர் அந்தத் துரையையும் மறந்துவிட்டது, அப்பாவையும் மறந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் எதிர்வீட்டில் சாம்பிராணி போடும்போது நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். புகை ஒத்துக்கொள்ளவில்லையா என்று மருமகள் கேட்கிறாள். ஆமாம் என்கிறேன். "நான்தான் வைத்தேன்" என்று சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாத வாய், இப்போதும் ஆமாம் என்றுதான் சொல்கிறது.