மேற்குச் சுவரின் நான்கு கட்டங்கள்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு அது பிடித்துப்போனது. வீடு தென்காசியில். சீசன் வந்தால் அருவியில் குளிக்கச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். மனைவியின் அக்கா, எனக்கு மதினி, மதுரையிலிருந்து வந்து நான்கு நாள் தங்குவார்.

ஒரு சீசனில் மதினி முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டே, "என்னட்டி, சுவரு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு" என்றார். மனைவியும் சேர்ந்து சிரித்தாள். மதினி ஊருக்குப் போன பிறகு, மனைவி அந்த மேற்குச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த முறை அக்கா வாயால் நல்லதாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

செல்போனில் ஒரு படம் காட்டினாள். சுவரில் மெல்லிய மரச்சட்டங்களைக் கட்டம் கட்டமாக ஒட்டி, சுவருக்கு அடித்த பெயிண்டையே அதற்கும் அடித்திருந்தார்கள். ஆள் வைத்துச் செய்ய எங்களுக்கு வசதியில்லை.

"நாமளே ஒட்டுவோம். நீங்க விரிப்ப நேரா மடிக்கலியா, அது மாதிரிதான்" என்றாள்.

செங்கோட்டை மரக்கடையில் விலை கேட்கக் கூச்சப்பட்டு நான் வெளியே நின்றுவிட்டேன். அவள் உள்ளே போய், லேசாக வளைந்ததால் ஓரமாகப் போட்டிருந்த சட்டங்களைக் குறைத்துப் பேசி வாங்கிவந்தாள். பஸ்ஸில் அந்தச் சட்டக் கட்டைப் பார்த்த கண்டக்டர், "அண்ணாச்சி, பந்தலுக்கா, பாடைக்கா?" என்றார்.

"எங்க அக்காவுக்கு" என்றாள் மனைவி, யோசிக்காமல். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் எங்களிடம் இல்லை. விரிப்பை நான்காக மடித்துத் தேய்த்தால் விழும் மடிப்பு நூல் பிடித்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு விரிப்பைச் சுவரில் பிடித்து, மடிப்பு ஓரமாகப் பென்சில் கோடு போட்டோம். மூலையில் சட்டங்கள் சேரும் சாய்வுக்குச் சதுரமான காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தேன். அந்தச் சாய்வில் அறுத்தபோது மூலைகள் பொருந்தின.

அதற்குள் அடுத்த சீசன் சாரல் தொடங்கிவிட்டது. மேற்குச் சுவரில் கை வைத்தால் குளிர்ந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை வருவதாக மதினி சொல்லிவிட்டார். லாட்ஜில் காயாத விரிப்பைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால்தான் காயவைப்போம். நானும் கரிப்பெட்டியைக் கொண்டுவந்து, சுவரில் துண்டை வைத்து அதன்மேல் தேய்த்தேன். ஆவி பறந்தது. தொட்டால் சுவர் சூடாக, காய்ந்த மாதிரிதான் இருந்தது. பசை தடவி நான்கு கட்டம் ஒட்டினோம். மேல் காய்ந்தாலும் உள் ஈரம் திரும்ப ஏறும் என்று இருபது வருடம் இஸ்திரி போட்டவனுக்குத் தெரியாதா? தெரியும். அன்று அவள் முகத்தைப் பார்த்தபோது மறந்துவிட்டது.

சனிக்கிழமை மதினி வந்தார். அருவிக்குக் கிளம்பத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். மனைவி காத்திருந்தாள். மதினி திரும்பி அந்தச் சுவரிலேயே சாய்ந்தார். கடைசிக் கட்டத்தின் மேல்சட்டம் கழன்று அவர் தோளில் விழுந்தது.

"ஏட்டி, ஒன் வீட்டுச் சுவரு என் தோள்ல கை போடுது" என்றார்.

மனைவி சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள். மதினி சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது, தம்பி?"

"நாங்கதான்" என்றேன்.

"ரெண்டு பேருமேவா?" அருவிக்கு எடுத்துவைத்திருந்த துண்டை நாற்காலியில் போட்டார். "ஆணி இருக்கா? எடுத்துட்டு வாங்க. ஏட்டி, வெளிய வா. நான் பிடிச்சுக்கிடுதேன்."

எண்ணெய்க் கையோடு அவர் பிடிக்க, மனைவி எடுத்துத் தர, நான் எல்லாச் சட்டங்களுக்கும் ஆணி அடித்தேன். கடைசிக் கட்டத்தில் மதினியின் கை வழுக்கி, மேல்சட்டம் ஒரு விரல் இறங்கிவிட்டது; பக்கத்தில் சுவரில் அவர் எண்ணெய்க் கை பதிந்தது. அருவிக்குப் போக மத்தியானமாகிவிட்டது. போகும்போது மதினி வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல அவரு ஒரு காலண்டர்கூட மாட்டித் தர மாட்டாரு" என்றார்.

இப்போது மதினிக்கு முழங்கால் வலி. மூன்று சீசனாக வரவில்லை. போன மாதம் பெயிண்ட் அடிக்க வந்தவர், கோணலாக இருப்பதை நிமிர்த்தி, அந்த எண்ணெய்க் கறையையும் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் மனைவி. சாரல் விழுந்ததும் மதினி வீடியோவில் கூப்பிடுவார். மனைவி நேராக அந்தக் கோணல் கட்டத்துக்குப் போய், கறை தெரியும்படி போனைப் பக்கத்தில் பிடிப்பாள்.